வயர்லெஸ் தீ அலாரம்: சின்னக் கட்டடங்களில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

மாடி வீடு, சின்ன அலுவலகம், சில அறைகளே உள்ள விடுதி போன்ற இடங்களுக்கு வயர்லெஸ் தீ அலாரம் நல்ல தேர்வுதான். சுவரைக் குடைய வேண்டாம், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் வயர் பார்த்த வேலையை இப்போது சிக்னல் பார்க்க வேண்டும். அதை அளக்காமல், புகையையோ வெப்பத்தையோ உணரும் டிடெக்டரை மாட்டுவது, வயரின் ஒரு முனையை இணைக்காமல் விடுவது போலத்தான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்: டிடெக்டர்களை மேசைமேல் பரப்பி, அலாரத்தின் மையக் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலுக்குப் பக்கத்திலேயே வைத்து இணைக்கிறார்கள். எல்லாம் சரி என்று பேனல் காட்டியதும் ஏணி போட்டு மாட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மேசையில் கிடைத்த சிக்னல் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஸ்டோர் ரூமிலும் கிடைக்குமா? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, இரும்புக் கதவு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, அலுமினியத் தாள் ஒட்டிய கூரைத் தடுப்பு, பெரிய நிலைக்கண்ணாடி என எதுவும் சிக்னலைத் தடுக்கலாம். டிடெக்டரை அது வரப்போகும் இடத்திலேயே பிடித்து, கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு சிக்னல் அளவைப் பாருங்கள். ஆட்கள் தூங்கும் நேரத்தில் கதவுகள் அப்படித்தானே இருக்கும்.

அளவு விளிம்பில் இருந்தால் "அதுதான் கிடைக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள். 3 டெசிபல் குறைந்தாலே சிக்னலின் சக்தி பாதியாகிவிடும். நாளைக்கு ஒரு இரும்பு அலமாரி குறுக்கே வந்தால் போதும், இணைப்பு போய்விடும். டிடெக்டரைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். முடியாவிட்டால், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை நடுவில் வையுங்கள். பெரிய பொருட்களை இடம் மாற்றினாலோ புதுத் தடுப்புச் சுவர் எழுப்பினாலோ மறுபடியும் அளக்க வேண்டும். அழகுக்காகப் பேனலை இரும்புப் பெட்டிக்குள் வைப்பது அறவே கூடாது.

வயர்லெஸ் என்றால் வைஃபை என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. வைஃபை வழியாகப் போனுக்கு வரும் செய்தி கூடுதல் வசதி, அவ்வளவுதான். ரவுட்டரை அணைத்துவிட்டு டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். எல்லா அறையிலும் சைரன் ஒலிக்காவிட்டால் அந்த அமைப்பை நம்ப வேண்டாம். படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும்போது தலையணைப் பக்கத்தில் 75 டெசிபல் சத்தமாவது கேட்க வேண்டும்.

சமையலறையில் புகை டிடெக்டரை மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் அலறும், கடைசியில் யாராவது அதைக் கழற்றிவிடுவார்கள். அங்கே வெப்ப டிடெக்டர்தான் சரி. ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும், குளியலறை ஆவி வரும் வாசலும் புகை டிடெக்டருக்கு ஆகாது.

அடுத்தது பேட்டரி. தயாரிப்பாளர் சொன்ன வகையை மட்டுமே போடுங்கள். ரீசார்ஜ் செய்யும் பேட்டரியில் பெரும்பாலும் 1.2 வோல்ட்தான், 1.5 வோல்ட்டுக்கு வடிவமைத்த கருவி அதைத் தீர்ந்துபோன பேட்டரி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பல கருவிகள் சிக்னல் மோசமாக இருந்தால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதனால் ஒரே டிடெக்டரில் மட்டும் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் முதலில் சிக்னலைச் சந்தேகப்படுங்கள். பேட்டரி குறைந்து 'கீச்' என்று கத்தும்போது, நாளைக்கு வாங்கலாம் என்று பேட்டரியை உருவி வைப்பதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் பழக்கம். அந்த நாளை வரும்வரை அந்த அறைக்குக் காவல் இல்லை. அப்புறம், பேனலுக்குள்ளும் மின்தடைக்கான பேட்டரி ஒன்று இருக்கிறது. மெயின் மின்சாரத்தை நிறுத்தி அதையும் அவ்வப்போது சோதியுங்கள்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துவது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. பட்டன் மின்சுற்றையும் சைரனையும்தான் சோதிக்கிறது. புகை உள்ளே நுழைகிறதா என்பதை அதற்கென்று விற்கும் சோதனை ஸ்ப்ரேதான் சொல்லும். பெயின்ட் வேலைக்காகப் போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்திருந்தாலும் பட்டன் சோதனை பாஸ் ஆகிவிடும். தயாரித்து 10 ஆண்டு ஆன புகை டிடெக்டரை, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது பழையதன் பதிவைப் பேனலில் நீக்கிவிட்டு, புதியதற்கு இடத்தின் பெயரைக் கொடுங்கள். 'டிடெக்டர் 07' என்று பேனல் காட்டினால், புகைக்கு நடுவே அது எந்த அறை என்று யாருக்குத் தெரியும்? 'மாடி ஸ்டோர் ரூம்' என்று எழுதுங்கள்; எழுதியபின் அந்த டிடெக்டரை ஒருமுறை இயக்கி, அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள்.