பாலைவன டாங்கி மாடல்: நிறத்துக்கு முன் தேதியைப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போரின் வடஆப்பிரிக்கச் சண்டைகளை மேஜைமேல் விளையாட்டாக ஆட மாடல் டாங்கி செய்பவர்கள் பலர், பெட்டியைப் பிரித்ததுமே மஞ்சள் பெயின்ட்டைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். எந்தச் சண்டை, எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

1941 தொடக்கத்தில் ட்ரிபோலியில் இறங்கிய ஜெர்மன் டாங்கிகள் அடர்சாம்பல் நிறத்தில் இருந்தன. பாலைவன நிறங்களுக்கான உத்தரவு அந்த மார்ச்சில்தான் வந்தது. அதனால் ஆரம்ப மாதங்களின் டாங்கி என்றால், சாம்பல்மேல் அவசரமாக அப்பிய மண்பூச்சும், விளிம்புகளில் எட்டிப்பார்க்கும் சாம்பலும் மிகப் பொருத்தம். கடையில் ‘டுன்கெல்கெல்ப்’ என்று கிடைக்கும் மஞ்சள் 1943 பிப்ரவரி உத்தரவுக்குரியது. 1941இல் லிபியாவில் நடந்த டோப்ருக் முற்றுகையின் டாங்கிக்கு அதைப் பூசவே கூடாது.

பிரிட்டிஷ் பக்கம் இன்னும் பெரிய தவறு ஒன்று உண்டு. 1940-41இல் மட்டில்டா போன்ற டாங்கிகளில் நேர்க்கோட்டு விளிம்புகளோடு மூன்று நிறப் பட்டைகள் பூசினார்கள். கான்டர் முறை என்பார்கள். அதன் நடு நிறத்தைப் பலர் வானநீலமாகவே அடிக்கிறார்கள். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்து மட்டில்டா நீலச் சாயலோடு நின்றது இதற்கு ஒரு காரணம். உண்மையில் அது பச்சை கலந்த வெளிர்சாம்பல். அழகான நீல மட்டில்டாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அவ்வளவு உழைப்பும் ஒரு தவறான டப்பாவில் போய்விடுகிறதே!

எந்த வகை டாங்கி என்பதையும் தேதியோடு ஒத்துப்பாருங்கள். பிரிட்டிஷ் படையின் கிராண்ட் 1942 மே மாதம் லிபியாவின் கசாலாவில், ஷெர்மன் அக்டோபரில் எகிப்தின் அலமேனில், ஜெர்மன் டைகர் அந்த ஆண்டின் கடைசியில் துனிசியாவில். ஜெர்மன் பாந்தர் ஆப்பிரிக்காவுக்கு வரவே இல்லை.

அப்புறம் துரு. வறண்ட காற்றில் வண்டி முழுக்க ஆரஞ்சுத் துரு பிடிக்காது. மணலும் கல்லும் உரசி உரசி டிராக்கின் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையின்) மேடான பகுதிகள் பளபளவென்று வெள்ளி மின்னும். அடர்பழுப்பு அடித்து, மேடுகளில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். தூசியையும் சீராகத் தூவாதீர்கள்: சக்கரப் பக்கம் தடிப்பாக, மேல்தளத்தில் மூலைகளில் தேங்கினாற்போல, வீரர்கள் கால் வைத்து ஏறும் இடத்தில் தேய்ந்துபோய் இருக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் மூடியருகே தூசி எண்ணெயில் ஊறிக் கறுத்திருக்கும். துனிசியாவின் மழைக்காலம் என்றால் சேறு பூசலாம். அங்கே நிலமும் பசுமைதான்.

சிறிய மாடலில் எந்த நிறமும் அடர்த்தியாகத் தெரியும். 1/72 அளவில் (அசலில் 72இல் ஒரு பங்கு) கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிறச் செய்யுங்கள்.

ஆடும் மாடலைக் கைகள் தொட்டுக்கொண்டே இருக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. டரெட்டை (பீரங்கி இருக்கும் மேல்கூண்டை) ஒட்டாமல் சுழலவிடுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவாத பிளாஸ்டிக்கில் பிரைமர் (அடிப்பூச்சு) நிற்காது. கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடிக்காவிட்டால், பார்த்துப் பார்த்துப் பூசிய தூசி விரலோடு வந்துவிடும்.