'என்ஃபோர்ஸ்' என்னும் ஆங்கில வினையைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

ஆங்கிலத்தில் எழுதப் பழகும் மாணவர்களின் தாளில் நான் மீண்டும் மீண்டும் திருத்தும் வாக்கியம் ஒன்று உண்டு. 'தலைக்கவசம் அணியும்படி காவலர் என்னைக் கட்டாயப்படுத்தினார்' என்று சொல்ல நினைத்து, 'த போலீஸ் என்ஃபோர்ஸ்டு மீ டு வேர் எ ஹெல்மெட்' என்று எழுதியிருப்பார்கள். அகராதியில் என்ஃபோர்ஸ் என்ற சொல்லுக்கு நேரே 'கட்டாயப்படுத்து', 'வற்புறுத்து' என்றெல்லாம் இருப்பதை நம்பி எழுதியதால் வரும் பிழை இது. கட்டாயப்படுத்து என்ற தமிழ் வினை ஆளைச் செயப்படுபொருளாக எளிதில் ஏற்கும். இன்றைய ஆங்கிலத்தில் என்ஃபோர்ஸ் ஆளை ஏற்பதில்லை. சட்டம், விதி, தடை, ஒப்பந்தம், தீர்ப்பு, உரிமை, ஒழுங்கு போன்றவையே அதற்குரிய செயப்படுபொருள்கள்.

ஆகவே எழுதும்முன் 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். 'தலைக்கவச விதியை' என்று விடை வந்தால் 'என்ஃபோர்ஸ்டு த ஹெல்மெட் ரூல்' என்று தயங்காமல் எழுதலாம். 'யாரை?' என்ற கேள்விக்குத்தான் விடை வருகிறது என்றால் இந்த வினையை விட்டுவிட்டு, 'ஃபோர்ஸ்டு மீ டு வேர்', 'கம்பெல்டு மீ டு வேர்', அல்லது பேச்சுவழக்குக்கு நெருக்கமாக 'மேட் மீ வேர்' என்று எழுத வேண்டும். மேட் என்பதற்குப் பின் 'டு' வராது என்பதையும் இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆளையும் வாக்கியத்துக்குள் கொண்டுவர விரும்பினால் அவரை 'அகெயின்ஸ்ட்' போன்ற முன்னிடைச் சொல்லுக்குப் (ப்ரெபொசிஷன்) பின்னால் நிறுத்த வேண்டும். கடன் வாங்கியவருக்கு எதிராகத் தீர்ப்பை நிறைவேற்றுவது 'என்ஃபோர்ஸ் த ஜட்ஜ்மென்ட் அகெயின்ஸ்ட் த டெட்டர்' ஆகும்.

இந்த வினைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. மீறப்படக்கூடிய விதி ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். மீறினால் தட்டிக்கேட்கும் அதிகாரமோ வலிமையோ ஒருவரிடம் இருக்க வேண்டும். தலைக்கவசத்தையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 129-ஆவது பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மீறுவோருக்கான அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கியது. இத்தனையும் நடந்த பிறகும் என்ஃபோர்ஸ் என்ற வினைக்கு வேலை தொடங்கவில்லை. சிக்னல் முனையில் நிற்கும் காவலர் கையை நீட்டி வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கைக்கருவியில் வண்டி எண்ணைப் பதிந்து, சர்ரென்று வெளிவரும் அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டுகிறாரே, அந்த நொடியில்தான் இந்த வினை நிகழ்கிறது. சட்டம் இயற்றுவது 'எனாக்ட்'. அது நடைமுறைக்கு வருவது 'கம் இன்டு ஃபோர்ஸ்'. மீறாமல் பார்த்துக்கொள்வது என்ஃபோர்ஸ். அபராதம் விதிப்பதற்கு 'இம்போஸ்' என்ற வேறு வினை இருக்கிறது.

'இம்ப்ளிமென்ட்' என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்வோர்தான் மிகுதி. அந்தக் குழப்பத்துக்கு நம் தமிழ்ச் சொல்லும் ஒரு காரணம். அரபு மொழியிலிருந்து வந்த 'அமல்' என்ற சொல்லை வைத்து, இரண்டையும் 'அமல்படுத்து' என்றே எழுதிவிடுகிறோம். இலங்கையில் 'அமுல்படுத்து' என்பார்கள். ஆனால் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு தரும் திட்டத்தை ஆங்கிலத்தில் 'இம்ப்ளிமென்ட்' செய்ய முடியுமே தவிர என்ஃபோர்ஸ் செய்ய முடியாது. அங்கே பணிய வைக்கப்பட வேண்டியவர் என்று எவரும் இல்லை. மதுவிலக்கையோ போக்குவரத்து விதியையோ என்ஃபோர்ஸ் செய்யலாம். மொழிபெயர்ப்பவர்கள் திட்டத்துக்குச் 'செயல்படுத்து' என்பதையும், விதிக்கு 'அமல்படுத்து' என்பதையும் ஒதுக்கி வைத்துக்கொண்டால் படிப்பவருக்குக் குழப்பம் நேராது என்பது என் கருத்து. நாளிதழ்களில் அன்றாடம் அடிபடும் அமலாக்கத் துறையின் பெயர் இதற்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. அன்னியச் செலாவணிச் சட்ட மீறல்களைக் கவனிக்க 1956 மே 1 அன்று ஒரு சிறு பிரிவாகத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. சட்டத்தை இயற்றுவது அதன் பணியன்று. மீறியவரைத் தேடிச் செல்வதே அதன் பணி.

'என்ஃபோர்ஸபிள்' என்ற பெயரடையைச் சட்ட ஆவணங்களில் அடிக்கடி காணலாம். நீதிமன்றத்தின் துணைகொண்டு நிறைவேற்றிக்கொள்ளத்தக்கது என்று அதற்குப் பொருள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 2-ஆவது பிரிவில், சட்டத்தால் அவ்வாறு நிறைவேற்றத்தக்க உடன்பாடே ஒப்பந்தம் என்று வரையறுக்கிறது. 'ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வருகிறேன்' என்று சொன்ன அத்தை மகன் வராமல் போனால் சமைத்து வைத்தவருக்கு மனவருத்தம் வரலாம். வழக்குப் போட முடியாது. அந்த வாக்குறுதி 'என்ஃபோர்ஸபிள்' அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 37-ஆவது உறுப்பும் இதே சொல்லை ஆள்கிறது: அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைகள் நாட்டின் ஆட்சிக்கு அடிப்படையானவை, ஆயினும் அவற்றை நிறைவேற்றித் தருமாறு எந்த நீதிமன்றத்தையும் கேட்க இயலாது.

'என்ஃபோர்ஸ்டு' என்று பெயரடையாக வரும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே விதியோ சட்டமோ கண்ணில் படாது. 'என்ஃபோர்ஸ்டு ரெஸ்ட்' என்பது உடல்நிலையோ மருத்துவரின் கண்டிப்போ ஒருவர் மீது சுமத்திய ஓய்வு. அவர் விரும்பி எடுத்துக்கொண்ட ஓய்வு அன்று. இங்கும் அந்தச் சொல் ஆளைத் தழுவுவதில்லை, அவர் மீது சுமத்தப்பட்ட நிலையையே தழுவுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இவ்வடிவத்தில் தமிழர்கள் மிகுந்த கவனத்தோடு மொழிபெயர்க்க வேண்டிய தொடர் 'என்ஃபோர்ஸ்டு டிஸப்பியரன்ஸ்' என்பது. அரசின் ஆட்களோ அரசின் ஒப்புதலோடு இயங்குவோரோ ஒருவரைப் பிடித்துச் சென்றுவிட்டு, பிடித்ததையே மறுப்பதும், அவருக்கு என்ன ஆயிற்று, எங்கே இருக்கிறார் என்பதை மறைப்பதும் அதன் பொருள். இதற்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டு 2010-இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2018-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கிய தாய்மார் தம் பிள்ளைகளைக் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே சொல்கிறார்கள். இலங்கைத் தமிழில் இந்தத் தொடர் 'வலிந்து காணாமல் ஆக்கப்படுதல்' என்று நிலைபெற்றிருக்கிறது. 'காணாமல் போதல்' என்று எழுதினால் திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய குழந்தையும் வீட்டு வாசல் படலையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட மகனும் ஒன்றாகிவிடுவார்கள். ஆங்கிலத் தொடரின் முதற்சொல் சுமக்கும் பொருள் முழுவதும் தமிழில் 'வலிந்து', 'ஆக்கப்படுதல்' என்ற இரு சொற்களில்தான் இருக்கிறது. தலைப்பில் இடம் போதவில்லை என்று 'வலிந்து' என்பதை விட நேர்ந்தாலும், 'ஆக்கப்பட்ட' என்பதை விட்டுவிடாதீர்கள்.