பத்து வருஷத்துச் சிறந்த படங்கள் லிஸ்டைப் பற்றி ஒழுங்கா சண்டை பிடிக்கிறது எப்படி

வெள்ளவத்தை சவோயில படம் முடிஞ்சு மரைன் டிரைவ் பக்கம் நடந்து வந்து பிளேன்டீயும் கையுமா நிண்டு கதைக்கேக்க ஒருத்தன் போனைத் தூக்கி "விமர்சகர்மார் போட்ட லிஸ்ட் பாத்தியா மச்சான்" எண்டுவான், அதோட எல்லாரும் கத்தத் தொடங்கிடுவம். கத்துறது பிழையில்ல, எதுக்குக் கத்துறம் எண்டு முதல் முடிவெடுக்கோணும்.

எந்தப் பத்து வருஷம் எண்டு முதல் பேசித் தீர்மானியுங்கோ. 2010-2019 ஆ, 2011-2020 ஆ? ரெண்டாவது எண்டா விண்ணைத்தாண்டி வருவாயா வெளிய. விசாரணை படத்தை வெனிஸ் திரைப்பட விழாவில காட்டினது 2015, தியேட்டருக்கு வந்தது 2016, இதில எதை அந்தப் படத்தின்ர வருஷமா எடுக்கிறது எண்டும் முடிவெடுக்கோணும். பிறகு எது தமிழ்ப் படம்? தீபன் எங்கட ஆக்களின்ர கதை, ஷோபாசக்தி நடிச்சவர், கதைக்கிறதும் கூடுதலா தமிழ்தான், ஆனா எடுத்தது பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார், 2015 கான்ஸ் திரைப்பட விழாவில முதல் பரிசான தங்கப்பனை விருதும் எடுத்துது. என்னைக் கேட்டா அது உள்ளுக்கு வரோணும்.

அடுத்தது வோட்டை எப்பிடி எண்ணினது எண்டு பாருங்கோ, இதைத்தான் ஒருத்தரும் பாக்கிறேல்ல. சைட் அண்ட் சவுண்ட் எண்ட பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை விமர்சகர்மாரிட்ட 1952 இல இருந்து பத்து வருஷத்துக்கு ஒருக்கா எல்லாக் காலத்துப் படங்களுக்கும் வோட் எடுக்குது, ஒராளுக்குப் பத்துப் படம், வரிசை கணக்கில்ல, பத்துக்கும் ஒரே மதிப்பு. அப்ப பலபேர் பத்தாவதா நினைச்சு எழுதின படம்கூட முதலாவதா வரலாம். அதில முதலாவதா வந்தது 1962 இல இருந்து 2002 வரைக்கும் சிட்டிசன் கேன், 2012 இல வெர்டிகோ, 2022 இல ஷான்டால் அக்கர்மன்ர ஜான் டீல்மன். அந்தப் படம் வந்தது 1975, 2012 இல முதல் முப்பதுக்குள்ளயே இல்ல. படம் மாறேல்ல, வோட் போட்ட ஆக்கள்தான் கூடி 1,639 பேர் ஆனது. அதால "இவங்களுக்கு ரசனை இல்ல" எண்டு விடாம, ஆர் போட்டது, அவையளுக்கு எதெல்லாம் பாக்கக் கிடைச்சது எண்டு கேளுங்கோ. எழுபதுகளின்ர தமிழ்ப் படங்கள் எண்டு ஆராவது லிஸ்ட் நீட்டினா நான் முதல் தேடுறது சிங்கள இயக்குனர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்துல எடுத்த பொன்மணி, 1977. அது இல்லாட்டி லிஸ்ட் போட்டவர் அதைப் பாத்துட்டு விட்டவரா, பாக்காமலே விட்டவரா எண்டு கேக்காம நான் விடமாட்டன்.

"செம படம்" எண்டு சொல்லி ஒருத்தரையும் மாத்த ஏலாது, ஒரு சீனைச் சொல்லுங்கோ. பரியேறும் பெருமாளுக்காகக் கதைக்கிறதெண்டா கடைசியில வார ரெண்டு டீ கிளாசையும் நடுவில கிடக்கிற பூவையும் சொல்லுங்கோ, பரியனும் அவன்ர சிநேகிதி ஜோவின்ர அப்பாவும் கதைச்சு முடிச்ச பிறகும் நடுவில என்ன மிஞ்சி இருக்கு எண்டு அதிலயே தெரியும்.

ஒரு படத்தை உள்ளுக்குத் தள்ளுறவர் எதை வெளிய எடுக்கிறார் எண்டும் சொல்லோணும், இடம் பத்துத்தான். கலையேக்க, எதிர்ப்பக்கம் நிண்டவன் விடாம சொன்ன படத்தின்ர பேரைக் குறிச்சுக்கொண்டு போய் அடுத்த கிழமைக்கு முதல் பாத்துட்டு வாங்கோ.