பழைய கேமராவின் லைட் மீட்டர்: திறப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

வெளிச்சத்தை அளந்து காட்டும் லைட் மீட்டரின் முள் அசையவில்லை என்றதும் கை நேராக ஸ்க்ரூடிரைவரைத் தேடும். பெரும்பாலும் கோளாறு மீட்டரில் இருக்காது, பேட்டரி அறையில் இருக்கும்.

முதலில் மீட்டர் எந்த வகை என்று பாருங்கள். ஒலிம்பஸ் ட்ரிப் 35-ல் லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போல ஒரு கண்ணாடி இருக்கும். அது செலினியம், தானே மின்சாரம் தரும். அதில் பேட்டரி அறையைத் தேடிப் பயனில்லை. செலினியம் செத்துவிட்டால் மாற்றுவதுதான் வழி.

மினோல்ட்டா எஸ்ஆர்டி 101-ல் இருப்பது போன்ற காட்மியம் சல்பைடு மீட்டர்கள் தானே மின்சாரம் தராது, அவற்றுக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும். தீரும்வரை அதன் வோல்டேஜ் ஏறக்குறைய மாறாது. இப்போது அது கிடைப்பதில்லை என்பதால் அதே உருவில் வரும் ஆல்கலைனைப் போட்டுவிடுகிறோம். அது 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கும். தொடக்கத்தில் பல கேமராக்களில் முள் கூடுதல் வெளிச்சம் காட்டும், படம் இருண்டுபோகும். ஃபிலிமின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ டயலைத் திருப்பிச் சரிக்கட்டலாம் என்பார்கள். ஒரு வெளிச்சத்துக்குச் சரியாகும், இன்னொன்றுக்கு ஆகாது. காதுக் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தரும், போதுமான அளவு நெருக்கம். ஸ்டிக்கரை உரித்ததும் அதன் ஆயுள் கரையத் தொடங்கிவிடும், அதுதான் குறை. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் இந்தத் தலைவலி இல்லை. அதன் பிரிட்ஜ் சர்க்யூட் வோல்டேஜ் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அது கசிந்த காரம். காதுக்குச்சியில் வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் தகட்டின் முலாம் போய்விடும். தகடு பளபளத்தும் முள் அசையாவிட்டால் வயரைச் சந்தேகப்படுங்கள்: அரிப்பு உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து முள்ளின் காயிலை நேரடியாகத் தொட்டேன். மைக்ரோஆம்பியருக்கென்று சுற்றிய தலைமுடி கனக் கம்பி அது. முள் ஒரே துள்ளலில் கோடிக்குப் போய் மோதி வளைந்தது. காயிலைச் சோதிக்க வேண்டியிருந்தால் நடுவே 100 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திறந்தே ஆகவேண்டும் என்றால், ஜப்பானிய கேமராக்களுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். சாதாரண பிலிப்ஸ் திருகின் தலையைச் சிதைக்கும். உள்ளே எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். டயலைத் திருப்பும்போது முள் துள்ளினால், டயலோடு இணைந்த மின்தடையான கார்பன் வளையத்தில் அழுக்கு, அதை மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சுரண்டினால் வளையமே போய்விடும்.

சர்க்யூட்டில் மீட்டரின் அளவைச் சரிசெய்ய இருக்கும் குட்டித் திருகுகளைக் கடைசிவரை தொடாதீர்கள். தொட்டே தீரவேண்டுமென்றால், முன்பு நின்ற இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வானம் தெரியாத ஒரே சுவரை டிஜிட்டல் கேமராவிலும் இதிலும் அளந்து, கால் திருப்பலுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள்.