சாவி இல்லாத இன்ஜினை ஸ்டார்ட் செய்வது எப்படி?

சென்னை பேசின் பிரிட்ஜில் 200 மெகாவாட் டீசல் மின் நிலையம் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த ரகப் பெரிய டீசல் இன்ஜினுக்குச் சாவி கிடையாது, 30 பார் அழுத்தக் காற்றை சிலிண்டருக்குள் விட்டுத்தான் சுழற்ற வேண்டும். முதலில் ஜாக்கெட் தண்ணீரை (சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீர்) சூடாக்கி, லூப் ஆயில் (மசகு எண்ணெய்) பம்பை ஓட விடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் இருக்கும் சின்ன வால்வுகளான இண்டிகேட்டர் காக்குகளை எல்லாம் திறந்து வைத்து, இன்ஜினை மெதுவாகச் சுற்றும் மோட்டார் அமைப்பான டர்னிங் கியரைப் போட்டு மெதுவாக முழுச் சுற்று சுற்றுங்கள். ஏதாவது ஒன்றில் தண்ணீர் கசிந்தால்கூட அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். காசிமேட்டு விசைப்படகில் செய்வதுபோல ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டிச் சமாளிக்கிற கதை இங்கே நடக்காது.

கசிவு இல்லையா, சரி. டர்னிங் கியரை விலக்கிவிட்டு (மறக்கிற ஆட்கள் உண்டு, கியர் விலகாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இன்டர்லாக்தான் காப்பாற்றும்) எரிபொருள் கொடுக்காமல், அழுத்தக் காற்றால் மட்டும் ஒருமுறை சுழற்றி ஊதிப் பாருங்கள். காக்குகளை மூடுங்கள், ஸ்டார்ட் கொடுங்கள்.