கவுண்டி முழுவதும் கிளப் கிரிக்கெட்: பொறுப்பில் இருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்டம் போன்ற நிலப்பிரிவு) கிரிக்கெட் என்றதும் நம் நினைவுக்கு வருபவை சர்ரே, யார்க்ஷயர், லங்காஷயர் முதலான 18 முதல்தர அணிகள்தாம். ஆனால் அதே கவுண்டியின் பெயரில், செய்தித்தாளில் அதிகம் இடம்பெறாத இன்னொரு வேலையும் ஆண்டு முழுவதும் நடக்கிறது. ஊர்க் கிளப்புகள், பள்ளிகள், சிறுவர் அணிகள், பெண்கள் அணிகள், நடுவர்கள், மைதானத்தைப் பராமரிப்போர் என அனைவரையும் ஒருங்கிணைத்து ஆட்டத்தை நிலைக்கச் செய்யும் வேலை அது. முதல்தர அணியே இல்லாத நார்ஃபோக், ஸ்டாஃபர்ட்ஷயர் போன்ற கவுண்டிகளிலும் இந்த வேலை குறைவின்றி நடக்கிறது.

இதில் நேரும் தவறுகள் பல என்றாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே பார்வைக் கோளாற்றில் பிறக்கின்றன. கிளப்பைக் கவுண்டி அணிக்கான நாற்றங்காலாக மட்டுமே பார்ப்பதுதான் அந்தக் கோளாறு. நாற்றைப் பறித்து நட்ட பிறகு பாத்தியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரு கிளப்பில் ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கவுண்டிக்கு ஒருநாளும் ஆடப் போவதில்லை. அவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் அங்கேயே ஆடிவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காத வயதில் நடுவராகவும் ஸ்கோரராகவும் நிற்கப் போகிறவர்கள். அடுத்த தலைமுறைக்காகப் புல் வெட்டப் போகிறவர்களும் அவர்களே.

பதிவு எண்ணிக்கையை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது, நான் பார்த்த வரையில், மிகப் பரவலான தவறு. ஆஸ்திரேலியாவுடனான 2005 ஆஷஸ் தொடருக்குப் பிறகு இங்கிலாந்து ஆடும் ஆட்டங்களின் நேரலை கட்டணத் தொலைக்காட்சிக்குப் போனதால், தற்செயலாகப் பார்த்து மயங்கிக் கிளப்புக்கு வரும் சிறுவர்களின் வழி அடைபட்டது. அந்த இடைவெளியை நிரப்பப் பல முயற்சிகள் நடந்தன. அரசுப் பள்ளிகளுக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுசெல்லும் ‘சான்ஸ் டு ஷைன்’ தொண்டு அமைப்பு 2005இல் தொடங்கியது. இங்கிலாந்து வேல்ஸ் கிரிக்கெட் வாரியம், 5 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்காக ‘ஆல் ஸ்டார்ஸ்’ திட்டத்தை 2017இல் கொண்டுவந்து, அதற்கு அடுத்த படியாக 8 முதல் 11 வயதினருக்கு ‘டைனமோஸ்’ திட்டத்தையும் வகுத்தது. இவை நல்ல திட்டங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மே மாதத்தில் வண்ணச் சட்டையும் பிளாஸ்டிக் மட்டையுமாக மைதானத்தை நிறைக்கும் குழந்தைகளைப் படம் பிடித்து ஆண்டறிக்கையின் அட்டையில் போடுவதிலும் குற்றமில்லை. அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் மூன்று கோடைகள் கழித்தும் ஆடுகிறார்கள் என்ற கணக்கை எவரும் வைத்திருக்காததுதான் குறை. ஒரு கவுண்டி தன் வேலையை அளக்க ஒரே ஓர் எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், பதிவு எண்ணிக்கையை விட்டுவிட்டு இந்த எண்ணை எடுத்துக்கொள்வேன்.

சிறுவர்கள் விலகும் இடம் எது என்பது ஊகத்திற்குரிய விஷயமும் அன்று. மென்பந்திலிருந்து கடினப் பந்துக்கு மாறும் அந்த ஓரிரு ஆண்டுகளில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள். ஒரு மாலை ஆட்டத்தை அருகில் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். பத்து வயதுப் பையன் பெரியவர்களின் 22 கஜ ஆடுகளத்தில் பந்து வீசுகிறான், பந்து கால்பக்கமாக விலகி ஓடுகிறது, நடுவர் வைடு காட்டுகிறார், அடுத்ததும் வைடு. எதிரே நிற்கும் மட்டையாளருக்கு அடிக்க ஒரு பந்தும் கிடைக்கவில்லை. எல்லைக் கோட்டருகே நிற்கும் ஏழெட்டுப் பேர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களின் பந்து சுமார் 156 முதல் 163 கிராம் எடையுள்ளது. 13 வயதுக்கு உட்பட்டோருக்கான பந்தோ 133 முதல் 144 கிராம்தான். ஆடுகளத்தின் நீளத்தையும் அதற்கேற்பக் குறைத்து, அணியின் எண்ணிக்கையையும் குறைத்து, எல்லோருக்கும் மட்டையும் பந்தும் கிடைக்குமாறு ஆட்டத்தை அமைத்தால் அதே பையன் நேராக வீசுவான். இந்த வழிகாட்டுதல்கள் எல்லாம் அச்சில் இருக்கின்றன. ஆயினும், ‘எங்கள் காலத்தில் முழு நீளத்தில்தான் ஆடினோம்’ என்று ஒரு மூத்த பயிற்சியாளர் சொன்னதும் ஆடுகளத்தின் நீளத்தைக் குறைத்துப் போட யாரும் முன்வருவதில்லை.

பாதுகாப்பு விதிகளைக் காகிதமாகவே விட்டுவிடுவது அடுத்தது. தலைக்கவசம், மட்டையாளரிடமிருந்து சிறுவர் நிற்க வேண்டிய தொலைவு ஆகியவற்றைப் பெரும்பாலான கிளப்புகள் இப்போது ஒழுங்காகவே கடைப்பிடிக்கின்றன. 13 வயதுக்கு உட்பட்டவர் 11 கஜத்துக்குள்ளும் 15 வயதுக்கு உட்பட்டவர் 8 கஜத்துக்குள்ளும் நிற்கக் கூடாது. விக்கெட்டுக்குப் பின்னால் ஆஃப் பக்கம் மட்டுமே இதற்கு விலக்கு. தலைவர் மறந்தாலும் நடுவர் அதைச் சொல்லிவிடுவார்.

வேகப்பந்து வீச்சின் கணக்கு அப்படிப்பட்டது அன்று. ஒரே மூச்சில் வீசும் ஓவர்களுக்கும் ஒரு நாளின் மொத்த ஓவர்களுக்கும் வயதுவாரியாக வரம்பு இருப்பதால், ஒவ்வோர் ஆட்டத்திலும் அதை மீறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் நன்றாக வீசும் பதினைந்து வயதுப் பையனின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாயன்று பள்ளிக்காக வீசுகிறான். புதன் மாலை கவுண்டிப் பயிற்சி. வெள்ளியன்று கிளப்பின் சிறுவர் அணி. சனிக்கிழமை ஆள் போதவில்லை என்று பெரியவர்களின் இரண்டாம் அணி. ஞாயிறன்று கவுண்டியின் வயதுப் பிரிவு அணி. ஒவ்வொருவரும் தத்தம் நாளின் வரம்பை மதித்திருக்கிறார்கள். வாரத்தின் கூட்டுத்தொகையைப் போட்டவர் ஒருவரும் இல்லை. வளரும் எலும்பில் இந்தச் சுமை ஏறி, கீழ் முதுகில் மயிரிழை முறிவு ஏற்பட்டால் ஒரு பருவமே போய்விடும். பள்ளிக்கும் கிளப்புக்கும் தனித்தனியாக இதைச் செய்ய முடியாது. இந்த ஐவரையும் அறிந்த ஒரே இடம் கவுண்டிதான் என்பதால், ஒரு பையனுக்கு ஒரு பொறுப்பாளர் என்று பெயர் குறித்து வைப்பது அதன் கடமை. தன் அணியில் வீசும் பையனைக் கவுண்டி தன் சொத்தாகவும், கிளப் ஆட்டத்தை வீண் உழைப்பாகவும் கருதினால் இந்தக் கூட்டல் ஒருநாளும் நடக்காது.

யார்க்ஷயரின் வரலாறு வேறொரு தவறுக்குச் சான்று. யார்க்ஷயர் மண்ணில் பிறந்தவரே கவுண்டி அணிக்கு ஆடலாம் என்ற வழக்கம் நெடுங்காலம் அங்கே இருந்து, 1992இல் சச்சின் டெண்டுல்கர் முதல் வெளிநாட்டு வீரராக வந்தபோதுதான் உடைந்தது. அப்போது பிராட்ஃபோர்டு, டியூஸ்பரி, ஹடர்ஸ்ஃபீல்டு முதலான ஆலை நகரங்களில் பாகிஸ்தானிய, இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள், அதே மண்ணில் பிறந்தவர்கள், வாரந்தோறும் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1980இல் தொடங்கிய காயிதே ஆசம் ஞாயிறு லீக்கில் அவர்களுக்கென ஒரு முழுக் கிரிக்கெட் உலகமே இருந்தது. ஆயினும் அவர்களில் ஒருவர் யார்க்ஷயரின் முதல் அணிக்கு ஆட, டெண்டுல்கர் வந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2004இல்தான் அது நடந்தது. பிராட்ஃபோர்டில் பிறந்த ஆதில் ரஷீத் 2006இல் அணிக்குள் நுழைந்தார்.

கவுண்டியோடு இணைந்த லீக்குகளுக்கு வெளியே நடப்பதைக் கிரிக்கெட்டாகவே எண்ணாமல் விடுவது என்று இத்தவறைச் சொல்லலாம். 2018இல் தெற்காசியர்களுக்கான செயல்திட்டத்தைத் தேசிய வாரியம் வெளியிட்டபோது, பொழுதுபோக்காக ஆடுகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தெற்காசிய வம்சாவளியினர் என்பதும், முதல்தரக் கவுண்டி வீரர்களில் அவர்கள் 4 சதவீதம் அளவே என்பதும் ஒருசேர வெளிப்பட்டன. இலண்டனிலும் இதே கதையின் சிறு வடிவத்தைக் காணலாம். யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் கோடையில் நடத்தும் கிரிக்கெட் விழாக்களில், குடும்பம் குடும்பமாகக் கூடும் கூட்டத்தையும் அங்கே ஓடித் திரியும் பிள்ளைகளையும் பார்த்தவர்களுக்கு, ‘இளைஞர்களுக்கு ஆட்டத்தில் ஆர்வம் குறைந்துவிட்டது’ என்ற புலம்பல் வேடிக்கையாகவே தோன்றும். அந்த மைதானத்துக்குக் கவுண்டி அலுவலர் ஒருவர் வருவதும், ‘எங்கள் லீக்கில் வந்து சேருங்கள்’ என்று படிவத்தை நீட்டுவதற்கு முன் அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்பதும் செலவில்லாத காரியங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது வாரயிறுதியில் ஒரு நல்ல மைதானம். கிளப்பின் வருமானமும் உறவாடலும் மதுக்கூடத்தையே சுற்றி இருப்பதால், ஆட்டம் முடிந்ததும் காரில் ஏறிப் போய்விடும் வீரரை ‘ஒட்டாதவர்’ என்று முத்திரை குத்துவதும் இதன் தொடர்ச்சிதான்.

திறமையுள்ளவரைத் தேர்ந்தெடுக்கும் வழியில் பணம் குறுக்கே நிற்பதை ‘தவிர்க்க முடியாதது’ என்று ஏற்றுக்கொள்வதும் கைவிட வேண்டிய பழக்கம். கிரிக்கெட்டில் சமத்துவம் குறித்து ஆராய்ந்த சுயேச்சை ஆணையம் 2023 ஜூனில் அளித்த அறிக்கை, 2021இல் இங்கிலாந்து ஆண்கள் அணிக்கு ஆடியவர்களில் 58 சதவீதத்தினர் கட்டணப் பள்ளிகளில் படித்தவர்கள் என்று சுட்டியது. நாட்டு மக்களில் அத்தகையோர் சுமார் 7 சதவீதம். குளிர்காலப் பயிற்சிக் கட்டணம், சீருடை, வார நாளில் நாற்பது மைல் தொலைவுக்குக் காரில் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு பெற்றோரின் ஓய்வு நேரம் எனச் சேர்த்தால், பத்து வயதில் ‘தேர்வு’ என்று நாம் சொல்வதில் பாதி, வீட்டின் வசதியைத் தேர்ந்தெடுப்பதாகவே முடிகிறது. பள்ளியாண்டை ஒட்டி வயது கணக்கிடப்படுவதால் செப்டம்பரில் பிறந்தவனுக்கும் ஆகஸ்டில் பிறந்தவனுக்கும் இடையிலுள்ள ஓராண்டு வளர்த்தியும் சேர்ந்துகொள்கிறது. கட்டணத்தை நீக்க வேண்டும் என்று அந்த ஆணையமே பரிந்துரைத்தது.

ஆட்ட அமைப்பில் நேரும் தவறு எளிதில் விளக்கக்கூடியது. தேசிய வாரியத்தின் 2014 கணக்கெடுப்பில் ஆடுவோர் எண்ணிக்கை ஓராண்டில் 9,08,000இலிருந்து 8,44,000ஆகக் குறைந்தது. ஆள் குறையும்போது கிளப்பில் நடப்பது இதுதான்: வெள்ளி இரவில் முதல் அணியில் ஒருவர் வரவில்லை என்றால் இரண்டாம் அணியிலிருந்து ஒருவரை எடுக்கிறார்கள். அந்தக் காலியிடம் மூன்றாம் அணிக்கு இறங்கி, கடைசியில் நான்காம் அணி ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறது. ஒருவரது திருமணத்துக்காக, அதே அணியின் மற்ற பத்துப் பேரும் எதிரணியின் பதினோரு பேரும் சனிக்கிழமையை இழக்கிறார்கள். முதல் அணிக்கு ஏற்ற நாள் முழுவதுமான ஆட்டத்தையும் நீண்ட பயணத்தையும் நான்காம் அணிக்கும் விதிப்பதால் இது மேலும் மோசமாகிறது. கீழ் அணிகளுக்கு அருகிலேயே ஆட்டம், குறைந்த ஓவர், ஒன்பது பேர் இருந்தாலும் ஆடலாம் என்ற விதி ஆகியவற்றை எழுதிவைப்பதற்கு லீக் குழுவின் ஒரு கூட்டம் போதும்.

பெண்கள் அணிக்கு மிச்சமிருக்கும் நேரத்தையும் மிச்சமிருக்கும் ஆடுகளத்தையும் கொடுத்துவிட்டு, ‘வரவேற்கிறோம்’ என்று பலகை மாட்டுவதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன்: கிளப்பின் அட்டவணையில் ஆண்களின் மூன்றாம் அணிக்காகப் பெண்களின் ஆட்டம் எத்தனை முறை நகர்த்தப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

பணத்தை எங்கே போடுவது என்பதில் கட்டடம் எப்போதும் மண்ணை வென்றுவிடுகிறது. புதிய பெவிலியனுக்கு (வீரர்கள் உடை மாற்றும் மைதானக் கட்டடம்) நாடா வெட்டலாம்; ஆடுகளத்தின் மண்ணுக்கு வெட்ட முடியாது. செப்டம்பரில் பருவம் முடிந்த உடனே, மழைக்கு முன், ஆடுகளங்கள் அமைந்த நடுப் பகுதியின் பழைய புல்லையும் சருகையும் கீறி எடுத்து, விதை தூவி, களிமண் கலந்த வண்டலை மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். முன்பு பரப்பியதோடு பொருந்தாத மண்ணைப் போட்டால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் பிளந்து, அடுத்த கோடையில் ஒரு பந்து முகத்துக்கும் அடுத்த பந்து கணுக்காலுக்கும் வரும். அனுபவமுள்ள பராமரிப்பாளர் ஏப்ரலில் தன் வீட்டுச் சாவியை ஆடுகளத்தில் அழுத்திப் பார்ப்பார். அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைக் கொண்டே ரோலரை ஏற்றலாமா என்று முடிவு செய்வார். அந்த அறிவு அவரோடு ஓய்வுபெற்றுப் போய்விடுகிறது. இரண்டு இளைஞர்களை அவர் பக்கத்தில் ஒரு பருவம் நிற்கச் செய்து, அவர்களின் பயிற்சிச் செலவைக் கவுண்டி ஏற்றால், அது பெவிலியனின் ஒரு கதவு விலைக்குள் முடிந்துவிடும். குத்தகை முடிய மூன்று ஆண்டே இருக்கும் மைதானத்தில் கட்டடம் எழுப்பிய பிறகு உரிமையாளரிடம் பேசப் போவதையும், சமூக விளையாட்டுக் கிளப்பாகப் பதிவு செய்தால் உள்ளூர் வணிக வரியில் 80 சதவீதம் கழியும் என்பதை அறியாமலே முழு வரியைக் கட்டிக்கொண்டிருப்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம்.

இவை அனைத்தையும் சுமப்பவர் ஊதியம் பெறாத ஒரு செயலாளர். அவரே சிறுவர் பாதுகாப்பு அலுவலராகவும், சில வேளைகளில் பொருளாளராகவும் இருப்பார். வாரியத்தின் ஒவ்வொரு புதிய திட்டமும் ஒரு படிவமாகவே அவரை வந்தடைகிறது. ஒரே கிளப்பின் உறுப்பினர் பட்டியலைத் தேசிய வாரியம், கவுண்டி, லீக் ஆகிய மூன்றும் மூன்று வடிவங்களில் கேட்பதை நிறுத்தினாலே அவருக்கு மாதத்தில் இரண்டு மாலைகள் திரும்பக் கிடைக்கும். கவுண்டி அலுவலகமோ திங்கள் முதல் வெள்ளிவரை ஒன்பதிலிருந்து ஐந்துவரை இயங்குகிறது. கிளப் என்பது மாலை ஆறு மணிக்குப் பிறகும் சனிக்கிழமையிலும்தான் உயிரோடிருக்கிறது. சிறுமியர் கிரிக்கெட்டைப் பற்றிய கலந்தாய்வைச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால், பள்ளியிலிருந்து மகளை அழைத்துவரப் போன தாய்மார் வர மாட்டார்கள். வேலைக்குப் போன பயிற்சியாளர்களும் வர மாட்டார்கள். ஓய்வுபெற்ற எட்டு ஆண்கள் வட்டமாக அமர்ந்து, பிஸ்கட் தட்டைக் கை மாற்றிக்கொண்டே, சிறுமியருக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு எழுவார்கள்.