ஈகோ மோட் போட்டும் மைலேஜ் வரலையா? நான் பண்ணின தப்புங்க

போன வாரம் புதுசா கார் எடுத்த தம்பி ஒருத்தன் கூட போனேன். டேஷ்போர்டுல ஈகோ (பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற மோட்) பச்சையா எரியுது, இறக்கம் வந்ததும் பெருமையா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான் பாருங்க, அப்படியே என்னைய பாத்த மாதிரி இருந்துச்சு. டயர்ல காத்து, டிக்கில வெயிட்டு இதெல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க, விட்டுடறேன்.

இறக்கத்துல நியூட்ரல்

இதைப் பாத்தா இன்னிக்கும் கடுப்பாகும். ஈகோவும் ஆன், நியூட்ரலும் போட்டாச்சு, இனி சொட்டு பெட்ரோல் செலவாகாதுனு நினைப்பு. உண்மை தலைகீழ். கியர்ல இருந்துக்கிட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா சக்கரமே இன்ஜினை சுத்த வைக்கும், ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) ஐடிலிங் பக்கம், அதாவது வண்டி சும்மா நிக்கும்போது சுத்துற அளவுக்கு இறங்குற வரைக்கும் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள்ள பெட்ரோல் பீச்சுற பாகம்) பெட்ரோலே விடாது. நியூட்ரல் போட்டா அந்தத் தொடர்பு அறுந்துடும், அப்புறம் இன்ஜின் அணையாம இருக்கவே பெட்ரோல் குடிச்சாகணும். நேரடி மைலேஜ் காட்டுற மீட்டர் இருந்தா பாருங்க, இறக்கத்துல கியர்ல காலை எடுத்ததும் முள்ளு அதிக மைலேஜ் காட்டுற கோடிக்குப் போய் ஒட்டிக்கும்.

நான் 2 வருஷம் இந்தக் கூத்து பண்ணினேன். ஒரு நீளமான மலை இறக்கத்துல இன்ஜின் பிரேக்கிங்கே (கியர்ல இருக்கிற இன்ஜினே வண்டியைப் பிடிச்சு மெதுவாக்குறது) இல்லாம முழு பாரமும் பிரேக் மேல, பாதி வழில கருகுன வாடை, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது, வயித்தைக் கலக்கிடுச்சு. ஓரங்கட்டி ஆற வச்சு, ரெண்டாவது கியர்ல இறங்கி வந்தேன். பேடு, டிஸ்க் ரெண்டும் மாத்த வேண்டியதாச்சு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சில ஆட்டோமேட்டிக்ல ஈகோ மோட் தானாவே கியரைக் கழட்டி வண்டியை உருள விடும். அது வண்டியோட கம்ப்யூட்டர் கணக்கு பாத்து பண்றது, நீங்க லீவரைத் தொடாதீங்க.

வண்டி மந்தமா இருக்குனு மிதிக்கிறது

ஈகோ பண்றதே அதுதான், அதே மிதிக்கு த்ராட்டிலை (இன்ஜினுக்குள்ள காத்தை விடுற கதவு) கம்மியா திறக்கும், ஆட்டோமேட்டிக்னா கியரை சீக்கிரம் ஏத்தும். இழுக்கலையேனு நீங்க இன்னும் அழுத்தினா அது மிச்சம் பிடிச்சதை நீங்களே திருப்பிக் குடுத்துட்டீங்க.

ஓவர்டேக்

லாரிக்குப் பின்னாடி இருக்கும்போதே நார்மலுக்கு மாத்துங்க, பக்கத்துல போனப்புறம் பட்டனைத் தேடாதீங்க.

ஏசி

நிறைய வண்டில ஈகோ ஏசியையும் அடக்கி வைக்கும். வெயில்ல நின்ன வண்டின்னா முதல்ல நார்மல்ல குளிர வச்சுக்கோங்க.

மீட்டரை மட்டும் நம்புறது

ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் போட்டுப் பாருங்க, அதாவது டேங்கை நிரப்பி ஓட்டிட்டு மறுபடி நிரப்பி, ஓடின கிலோமீட்டரை அப்போ போட்ட லிட்டரால வகுத்துக்கோங்க.